பஹ்லா: மண்கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஓமானைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர் நிஸ்வாவோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் பஹ்லா இருக்கிறது. அதுவரை வருகிறவர்களிலும் நிறையப் பேர் முக்கால் மணி நேரத்தில் கோட்டையை விட்டு வெளியே வந்து, "உள்ளே ஒன்றுமில்லை, வெறும் அறைகள்தான்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. நிஸ்வாக் கோட்டையில் அறைக்கு அறை காட்சிப்பொருள் உண்டு, விளக்கப் பலகை உண்டு. பஹ்லாவில் அவை மிகக் குறைவு. இங்கே பார்க்க வேண்டியது சுவர். சுடாத மண்கல்லால் எழுப்பிய இவ்வளவு பெரிய கட்டடத்தை வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. மண்சுவரில் எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாமல் போகும்.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். கூடவே எந்தக் கிழமை போவது, எதை எடுத்துப் போவது, எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதும்.

மலையும் மண்ணும்

பஹ்லா அத்-தாக்கிலிய்யா மாகாணத்தில், ஹஜர் மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே ஜபல் அக்தர் மலைக்கூட்டம். அதன் மிக உயர்ந்த சிகரமான ஜபல் ஷம்ஸ் 3,000 மீட்டரைத் தொடுகிறது. சமவெளியில் மழை மிகக் குறைவு. மலைமேல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெய்யும். அந்த நீர் வாதிகள் எனப்படும், மழை பெய்தால் மட்டும் ஓடும் காட்டாற்றுப் படுகைகள் வழியாகத் தெற்கே இறங்கும்போது வண்டலைக் கொண்டுவந்து அடிவாரத்தில் போட்டுவிடுகிறது. பஹ்லாவின் பேரீச்சந்தோப்பு நிற்பது அந்த வண்டலில்தான். கோட்டையின் மண்கல்லும், இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மண்பாண்டமும் அதே வண்டல்தான். மலை, வாதி, வண்டல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இங்கே ஏன் இப்படி ஒரு ஊர் எழுந்தது என்று புரியும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மத்திய ஓமானில் ஆதிக்கம் செலுத்திய பனூ நப்ஹான் குலத்தார் பஹ்லாவைத் தலைநகராக வைத்திருந்தார்கள். ஊரின் செழிப்பும் கோட்டையின் பெரும்பகுதியும் அவர்கள் காலத்தவை. 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஓமானிலிருந்து முதலாவதாகச் சேர்ந்த இடம் இதுதான். அதற்கு அடுத்த ஆண்டே, 1988இல், ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலுக்குப் போனது. ஒவ்வொரு மழைக்கும் சுவர்கள் சரிந்துகொண்டிருந்தன. பழுதுபார்ப்பில் பொருந்தாத நவீனப் பொருட்கள் புகுந்ததும் பெரும் கவலையாக இருந்தது. பிறகு மரபுமுறையில் வேலை நடந்து, 2004இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் நீங்கள் பார்க்கப்போகும் பூச்சின் கதை இதுதான்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். குளிர்கால இரவில் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை தேவைப்படும். மே முதல் செப்டம்பர் வரை வெயில் 45 பாகையைத் தொடும். கோட்டைக்குள் நிழல் உண்டு என்றாலும் ஏறி இறங்கும் படிகளும் திறந்த முற்றங்களும் ஆளை வறுத்துவிடும். கோடையில்தான் வர முடியும் என்றால் காலை திறந்தவுடன் நுழைந்து 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா 165 கிலோமீட்டர் அளவு. பஹ்லாவரை மொத்தம் 200 என்று வைத்துக்கொள்ளலாம். முழுவதும் நல்ல சாலை, சாதாரணக் கார் போதும். காலை 5.30 மணிக்குக் கிளம்பினால் இடையில் ஒரு தேநீருக்கு நின்றும் 8 மணிக்குள் பஹ்லாவில் இருக்கலாம். சாலையோர ரேடார்கள் நிறைய. 120இல் போய்க்கொண்டிருக்கும் சாலை, ஊர் நெருங்கும்போது சட்டென்று 80 ஆகும். அபராதம் விழுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

கிழமைதான் பலருக்குச் சிக்கல். ஓமானில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை கோட்டைகள் காலையில் சில மணி நேரம் மட்டும் திறந்து, நண்பகல் ஜும்ஆ தொழுகைக்கு முன்பே மூடுவது வழக்கம். நிஸ்வாவின் புகழ்பெற்ற ஆட்டுச் சந்தை நடப்பதும் அதே வெள்ளிக் காலையில்தான். விடிந்ததும் தொடங்கி 9 மணிக்கெல்லாம் கலைந்துவிடும். இரண்டையும் ஒரே வெள்ளியில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் சந்தையில் மயங்கி நின்றுவிட்டு, பூட்டிய கோட்டைக் கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டு நாள் இருந்தால் வெள்ளி நிஸ்வா, சனி பஹ்லா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்டுமானம், கடை, வீட்டுவேலை என்று வெள்ளி ஒருநாள் மட்டுமே விடுமுறை உள்ள நம்மவர்கள் ஓமானில் ஏராளம். அவர்கள் சந்தையை விட்டுவிட்டு நேரே கோட்டைக்குப் போவது நல்லது. சந்தை இன்னொரு வெள்ளிக்கு இருக்கட்டும். கோட்டை நேரங்கள் பருவத்துக்கும் ரமலானுக்கும் ஏற்ப மாறும் என்பதால் கிளம்பும் முதல் நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெசிடென்ட் கார்டு கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் குடிமக்கள், ஓமானில் வசிப்பவர்கள், சுற்றுலாப் பயணிகள் என்று வேறுபடலாம்.

கார் இல்லாதவர்கள் மஸ்கட்டிலிருந்து அரசு நிறுவனமான முவாசலாத்தின் பேருந்தில் நிஸ்வா வந்து, அங்கிருந்து ஆரஞ்சு வெள்ளை டாக்ஸியில் போகலாம். பலர் சேர்ந்து போகும் வண்டியா, தனியாக எடுப்பதா என்பதை ஏறும் முன்பே பேசி, கட்டணத்தையும் முடிவுசெய்துவிடுங்கள். திரும்புவது பற்றியும் அப்போதே பேசுவது நல்லது. மாலையில் பஹ்லாவிலிருந்து நிஸ்வாவுக்கு வண்டி கிடைப்பது அவ்வளவு எளிதில்லை.

பகல் 1 மணியிலிருந்து 4 மணிவரை ஊர் உறங்கும். சூக் எனப்படும் பழைய கடைத்தெருவும் பெரும்பாலான கடைகளும் மூடிக்கிடக்கும். சாப்பாடு மட்டும் கவலையில்லை. பிரதான சாலையில் மலையாளிகள் நடத்தும் 'காபி ஷாப்'கள் உண்டு. பரோட்டா, முட்டை, கரக் சாயா எந்நேரமும் கிடைக்கும். ரமலான் பகலில் இவையும் மூடியிருக்கும். பொது இடத்தில் தண்ணீர் குடிப்பதுகூடச் சட்டப்படி கூடாது.

கோட்டைக்குள் போகும் முன்

முதலில் வெளியே நின்று பாருங்கள். நிஸ்வா பக்கமிருந்து வரும்போது ஊர் தொடங்கும் இடத்தில் சாலையோரம் மேடான இடங்கள் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பச்சைத் தோப்புக்கு மேலே கோட்டை முழுதாகத் தெரியும். தரைத்திட்டம் ஏறக்குறைய முக்கோணம். தெற்கு முகம் 110 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். சுவர்களும் கோபுரங்களும் சுற்றுப்புறத்துக்கு மேலே சுமார் 50 மீட்டர் உயரம்வரை எழுகின்றன. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் இந்த முகத்தில் நாள் முழுதும் வெளிச்சம் இருக்கும். படம் எடுக்க ஏற்றது மாலை 3 மணிக்கு மேல். அப்போது பக்கவாட்டு வெயிலில் சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழலோடு தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் எல்லாம் ஒரே பழுப்பு.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கோடையானால் அதற்கும் மேல். தொப்பி. அடிப்பாகம் வழுக்காத, கட்டிக்கொள்ளும் செருப்பு அல்லது ஷூ. ஒரு சிறு டார்ச் மிக முக்கியம், கீழ்த்தள அறைகளில் சன்னல் இல்லை. கைபேசி வெளிச்சம் அருகில் உள்ளதைக் காட்டும், கூரைவரை எட்டாது. கூரையைப் பார்க்காமல் வருவதானால் அந்த அறைகளுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. உடையைப் பொறுத்தவரை தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். பஹ்லா மரபைக் காக்கும் ஊர், அரைக்கால் சட்டையோடு தெருவுக்குள் நடப்பதை விரும்பமாட்டார்கள்.

கோட்டைக்குள் மூன்று பகுதிகளைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். தென்கிழக்கு மூலையில் உயர்ந்து நிற்பது அல்-கஸபா, மிகப் பழைய பகுதி. மற்ற இரண்டும் பிற்காலத்து வசிப்பிடங்கள்: பைத் அல்-ஜபல், பைத் அல்-ஹதீத். அம்புக்குறிகளை நம்பிப் போனால் ஒரே இடத்தைச் சுற்றிச்சுற்றி வருவீர்கள். முதலில் கஸபாவின் மேல்தளம்வரை ஏறி, அங்கிருந்து முழு அமைப்பையும் பார்த்துவிட்டு, பிறகு இறங்கி மற்றதைப் பாருங்கள். படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறும். பல இடங்களில் கைப்பிடி கிடையாது. கதவுகள் குட்டை. தலையில் இடித்துக்கொள்ளாமல் திரும்புகிறவர்கள் குறைவு. சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு முன்முற்றத்தைத் தாண்டி வழியில்லை.

சுவரை எப்படிப் பார்ப்பது

அடியிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்தின் அடித்தளம் கல், அதற்கு மேல்தான் மண்கல். மண்சுவர் மேலிருந்து கரைந்துதான் விழும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அடியில்தான் நோய் தொடங்குகிறது. தரையிலுள்ள ஈரத்தைச் சுவர் உறிஞ்சி மேலே இழுக்கிறது. அந்த ஈரத்தோடு நிலத்து உப்பும் ஏறுகிறது. தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் ஈரம் காற்றில் உலர்ந்துபோக, உப்பு மட்டும் சுவருக்குள்ளேயே தங்கிப் படிகமாகிப் பருக்கிறது. பருத்ததும் மண் பொரிந்து உதிர்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி உதிர்ந்து, முழங்கால் உயரத்தில் சுவர் இடுப்பு ஒடுங்கியதுபோல் ஆகும். மேலே உள்ள பாரம் தாங்காமல் ஒருநாள் மொத்தமாகச் சாயும். கல் அடித்தளம் போட்டது இந்த ஈரத்தை மண்கல்லுக்கு எட்டாமல் தடுக்கத்தான். ஊருக்குள் கைவிடப்பட்ட வீடுகளின் சுவர்களில் இந்த ஒடுக்கத்தை எல்லாக் கட்டத்திலும் பார்க்கலாம்: இப்போதுதான் பொரியத் தொடங்கியது, பாதி தின்றுபோனது, விழுந்து கிடப்பது. கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கே போனால் பாடம் முழுமையாகும்.

அடுத்து தலைப்பகுதி. கூரையில் விழும் மழைநீர் வெளியேறத் தூம்புகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பேரீச்ச மரத்தைக் குடைந்து செய்தவை. அவை நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: நீர் சுவரைத் தொடாமல் தள்ளிப்போய் விழ வேண்டும். தூம்பில் பறவை கூடு கட்டினாலோ மண் அடைத்தாலோ நீர் கூரையில் தேங்கி, கைப்பிடிச்சுவரின் ஏதோ ஒரு பலவீனமான இடத்தில் வழியும். ஒரே ஒரு கனமழை போதும், அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வாய்க்கால் வெட்டிவிடும். அப்படி வெட்டி, பின்னர் அடைத்த தடங்களைச் சுவரில் தேடிப் பாருங்கள். நேர்க்குத்தாக, சற்று வேறு நிறத்தில் இருக்கும்.

நடுப்பகுதியில் பூச்சைப் பாருங்கள். பழைய மண்கல் வெளியே தெரியும் இடங்களில் பொடிக்கற்களும் வைக்கோல் துணுக்குகளும் கலந்திருக்கும், சில சமயம் உடைந்த பானை ஓடும் இருக்கும். புதுப் பூச்சு ஒரே சீராக, மழமழவென்று இருக்கும். "இப்படி வழித்துப் பூசிப் புதுசாக்கிவிட்டார்களே" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. மண்கட்டடம் கல்கோட்டை மாதிரி சும்மா நின்று பழையதாகாது. சில மழைக்கு ஒருமுறை மேலே பூசிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே இருக்கும் 600 ஆண்டுச் சுவர் பிழைக்கும். மழை தின்பதற்கென்றே கொடுக்கும் பலிப்பூச்சு அது. கவலைப்பட வேண்டியது பூச்சு புதிதாக இருப்பதைப் பற்றியல்ல, பூச்சு எதனால் ஆனது என்பதைப் பற்றித்தான்.

சிமெண்ட் ஏன் கூடாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊரிலும் பழைய மண்வீட்டுக்கு இதே தீங்கைச் செய்துகொண்டிருக்கிறோம். சிமெண்ட் பூச்சு மண்ணைவிடக் கடினம். வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை, அதனால் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியே மழைநீர் உள்ளே போகும். உள்ளே போன ஈரம் வெளியே வரச் சிமெண்ட் விடாது. உள்ளே மண் இளகி, உப்பு சேர்ந்து, கடைசியில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது மண்சுவரின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வெளியே பார்க்க உறுதியாக இருக்கும்போதே உள்ளே சுவர் அழிந்திருக்கும்.

மண்பூச்சு இதற்கு நேர்மாறு. சலித்த களிமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒன்றிரண்டு வாரம் ஊறவிட்டு, இடையிடையே மிதிப்பார்கள். வைக்கோல் நொதித்து அழுகும்போது கலவைக்கு ஒட்டும் தன்மை வரும். அவசரப்பட்டு அன்றே பூசினால் உதிரும். பூசும் முன் உதிர்மண்ணைச் சுரண்டி எடுத்து, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த சுவரில் பூசினால் சுவர் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காது. ஒரே மூச்சில் தடிமனாக அப்பாமல் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு படலம், அது உலர்ந்ததும் அடுத்தது. உலரும்போது வலைபோல் வெடித்தால் களிமண் அதிகம், மணலும் வைக்கோலும் கூட்ட வேண்டும். விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தால் களிமண் குறைவு. மண்ணின் கலவையை அறிய எளிய வழி உண்டு: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களிமண் மேலேயும் தனித்தனியாகப் படியும்.

தண்ணீர் நிற்கும் இடங்களுக்கு மட்டும் வேறு பொருள். அதன் பெயர் ஸரூஜ். களிமண்ணைப் பேரீச்ச மரத்துண்டுகளோடு அடுக்கிச் சுட்டு, இடித்துப் பொடியாக்கி, சுண்ணாம்போடு குழைப்பது. நீருக்குள்ளும் இறுகும். தொட்டி, வாய்க்கால், குளியலிடம் ஆகியவற்றில் இளஞ்சிவப்புச் சாயலோடு கெட்டியாகத் தெரிவது இதுதான்.

இப்போது டார்ச்சைக் கூரைக்குக் காட்டுங்கள். பேரீச்ச மரத்தண்டு உத்தரங்கள், அவற்றின் மேல் ஓலைப்பாய், அதன் மேல் மண். இங்கே அறைகள் எல்லாம் நீளமாக, அகலம் குறைவாக இருக்கும். பேரீச்சை உத்தரம் மூன்று மீட்டர் அளவுக்கு மேல் பாரம் தாங்காமல் தொய்ந்துவிடும். அறையின் அகலத்தை மரம்தான் முடிவுசெய்தது. அதைவிட அகலமான இடம் வேண்டும் என்றால் நடுவே தூணோ வளைவோ போட்டிருப்பார்கள்.

கோட்டையை ஒட்டி ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. தொழும் திசையைக் காட்டும் சுவர்மாடமான அதன் மிஹ்ராபில் சுதைவேலைப்பாடு மிக நுணுக்கமானது. கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை, கோட்டை வாயிலில் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மதிலும் தோப்பும்

பலர் தவறவிடுவது ஊர் மதிலை. கோட்டை மட்டுமல்ல, தோப்பையும் வீடுகளையும் சேர்த்து முழு ஊரையும் வளைத்து ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு மண்மதில் ஓடுகிறது. காவலர் நடக்கும் தடமும் காவற்கோபுரங்களும் உடையது. பல இடங்களில் இடிந்து மேடாகிவிட்டது, சில இடங்களில் நன்றாக நிற்கிறது. காரில் மெதுவாகச் சுற்றி, நல்ல நிலையில் உள்ள பகுதியில் இறங்கி அடிவாரமாக நடந்து பாருங்கள். மேலே ஏறாதீர்கள். காலுக்கடியில் பொடிந்து கொட்டும். விழுவது நீங்கள் என்றாலும் மதில் என்றாலும் இழப்புதான்.

கோட்டைக்கு அருகே உள்ள ஹாரத் அல்-அக்ர் போன்ற பழைய குடியிருப்புகளில் தெருவோடு நடக்கலாம். பூட்டாத வீடாக இருந்தாலும் கூரைக்குக் கீழே போகாதீர்கள். உத்தரத்தைக் கரையான் உள்ளே தின்றிருக்கும், வெளியே தெரியாது. இடிபாட்டுக் கற்களுக்குள் கைவிடவும் வேண்டாம், தேள் இருக்கும். ஆள் குடியிருக்கும் வீடுகளையும் பெண்களையும் படம் எடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிட முன்அனுமதி வேண்டும்.

தோப்புக்குள் ஃபலஜ் ஓடுவதைப் பாருங்கள். நிலத்தடி நீரையும் ஊற்றையும் சாய்வான கால்வாய் வழியாக, எந்த எந்திரமும் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அது. நீர்ப்பங்கை நேரத்தால் அளக்கிறார்கள். அடிப்படை அலகு அதர், ஏறக்குறைய அரை மணி. பகலில் நிழலைக் கொண்டும் இரவில் நட்சத்திரத்தைக் கொண்டும் அளந்த முறை, இப்போது கடிகாரம். நம் கிராமத்தில் வயலுக்கு நீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி செய்யும் வேலையை இங்கே ஃபலஜின் அரீஃப் செய்கிறார். ஃபலஜ் ஊருக்குள் நுழையும் முதல் இடம் குடிநீருக்கு. அதற்குக் கீழேதான் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூ செய்யவும் குளிக்கவும், கடைசியில் பயிருக்கு. ஆகவே மேல்பகுதியில் கால் நனைக்காதீர்கள், கை கழுவாதீர்கள். மடையில் அடைத்திருக்கும் கல்லையும் துணியையும் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துவிடாமல் பாருங்கள். ஒருவருடைய அரை மணி நேரத்து நீர் வேறு தோப்புக்குப் போய்விடும்.

பஹ்லாவைச் சுற்றி ஜின் கதைகள் ஏராளம். சூக்கில் உள்ள பெரிய மரத்தைப் பற்றியும் ஒன்று உண்டு. யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள். நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வானத்தைப் பார்த்து

இங்கே உயிரை எடுக்கக்கூடியது வெயிலைவிட வாதி. கோடையில் மதியத்துக்கு மேல் மலையுச்சியில் மேகம் திரளும். பஹ்லாவில் வானம் தெளிவாக இருக்கும்போதே மலைமேல் கொட்டிய மழை வாதி வழியாகச் சுவர்போல் இறங்கி வரும். பாறைமலை நீரை உறிஞ்சாது என்பதால் பெய்த நீர் அப்படியே ஓடிவரும். வடக்கே கருமேகம் தெரிந்தால் வாதிப் படுகையில் வண்டியை நிறுத்தாதீர்கள், நிழலாக இருக்கிறதே என்று சாப்பாட்டுப் பாயை விரிக்காதீர்கள். சாலை வாதியைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டம் காட்டும் குறிக்கம்பங்கள் உண்டு. நீர் ஓடிக்கொண்டிருந்தால் கரையில் காத்திருப்பதுதான் ஒரே வழி. முழங்கால் ஆழம்கூட இல்லாத வேகநீர் காரைத் தள்ளிவிடும். பெருக்கெடுத்த வாதியில் வண்டி இறக்குவது ஓமானில் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். அவசரத்துக்கு 9999.

பக்கத்து மலைப்பகுதி ஊர்களான அல்-ஹம்ரா, மிஸ்ஃபத் அல்-அப்ரிய்யீன்வரை சாதாரணக் கார் போகும். ஜபல் ஷம்ஸுக்கு ஏறுவதானால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். அதைப் பஹ்லாவோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

மதியத்துக்குப் பின்

கோட்டைக்கு இரண்டரை மணி, மதிலுக்கும் தோப்புக்கும் ஒன்றரை மணி ஆன பிறகு, ஊர் உறங்கும் நேரத்துக்கு ஏற்ற இடம் ஜப்ரீன். வெள்ளி தவிர்த்த நாட்களில் மட்டும். பஹ்லாவிலிருந்து தென்மேற்கே 10 கிலோமீட்டர் அளவு. 17ஆம் நூற்றாண்டில் ஓமானை ஆண்ட இமாம் பில்அரப் பின் சுல்தான் கட்டிய மாளிகை. அவருடைய அடக்கத்தலமும் உள்ளேயே இருக்கிறது. பஹ்லாவில் காலியான அறைகளைப் பார்த்த கண்ணுக்கு இங்கே வண்ணம் தீட்டிய மரக்கூரைகள் விருந்து. பேரீச்சம்பழச் சேமிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். தரையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். மேலே மூட்டைகளை அடுக்கினால் அவற்றின் எடையிலேயே பாகு கசிந்து, பள்ளம் வழியே ஓடி ஒரு மூலையில் சேரும்.

4 மணிக்குப் பஹ்லா திரும்பினால் மண்பாண்டக் கடைகள் திறந்திருக்கும். குளிர்நீர்ப் பானையான ஜஹ்லா, சாம்பிராணித் தூபக்கால், பெரிய சேமிப்புத் தாழி என்று பல உண்டு. கடைகளில் வெளிநாட்டு இறக்குமதிப் பண்டங்களும் கலந்தே இருக்கும். உள்ளூர்ச் சரக்கு எது என்று நேராகக் கேளுங்கள், சொல்வார்கள். மெருகும் சாயமும் இல்லாமல், அடியில் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த தடம் தெரிவது நல்ல அறிகுறி. பானையை ஒரு கையில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நன்றாக வெந்தது. மொத்தென்று ஒலித்தால் விரிசலோ வேகாத மண்ணோ. வெயிலுக்கு நேரே பிடித்து உட்புறம் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

ஜஹ்லாவை வாங்கினால் அதைக் காரில் படுக்கவைக்காமல், வாய் மேலாக, இரண்டு இருக்கைகளுக்கு இடையே துணி சுற்றி வையுங்கள். ஊருக்கு எடுத்துப் போவதானால் பெட்டியில் போடாமல் கைப்பையில், உள்ளே துணியை இறுக்கி அடைத்து எடுங்கள். வெளியே மட்டும் சுற்றினால் அழுத்தத்தில் கழுத்து ஒடியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் நீரில் மூழ்கவைத்து, முதல் இரண்டு மூன்று நாள் நிரப்பிய நீரைக் கொட்டிவிட்டால் மண்வாடையும் தூசும் போகும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிட வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் ஆவியாகாது. பஹ்லா போன்ற வறண்ட உள்நாட்டில் இது நன்றாகக் குளிரும். மஸ்கட் கடலோரத்தில் ஜூலை மாதத்துப் புழுக்கத்தில் ஈரம் ஆவியாக இடமில்லை என்பதால் குளிர்ச்சி குறைவாகத்தான் இருக்கும், அது பானையின் குற்றமில்லை. சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், மண் அதைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் திருப்பித் தரும். தேங்காய் நாரால் வெறும் நீரில் தேய்த்து, வாரத்துக்கு ஒருநாள் வெயிலில் முழுதாக உலரவிட்டால் நுண்துளைகள் அடைபடாமல் இருக்கும்.